பார்த்தாச்சு, கேட்டாச்சா?

2023 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் மூன்றாவது ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பஜாரில் இருக்கும் கடைக்குப் போனேன். என்னுடையது ஹார்டுவேர் கடை. சிமெண்ட், பெயிண்ட், பிவிசி குழாய், வயர், மோட்டார் எல்லாம் வைத்திருந்தேன். அன்று கடையில் 60 மூட்டை சிமெண்ட் இருந்தது. கடைப் பையனும் நானும் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வைத்தோம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்.

இரண்டரை அடி என்று சும்மா வைக்கவில்லை. 1992 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் கடைத்தெருவில் எதுவரை ஏறியது என்று அப்பா ஒரு சுவரைக் காட்டிச் சொன்னது மனதில் இருந்தது. அதற்குமேல் ஒரு அடி கூட்டிக்கொண்டேன். ஆறு மணிக்குப் பையனை வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் வந்தது. "சிமெண்ட் போனாப் போகுது, நீங்க வாங்க" என்றாள் என் மனைவி. "எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகாது. இந்தா வந்துட்டேன்" என்றேன்.

அன்றைக்கு நான் வீடு போய்ச் சேரவில்லை.

"எல்லாம் பார்த்தாச்சு" என்பது என் வாயில் எப்போதும் இருக்கும் சொல். அப்பா பனையேறி. எட்டு வயதிலேயே பதநீர்க் கலயம் சுமந்தேன். பதினேழு வயதில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பதினோரு வருஷம் கழித்துச் சொந்தமாக ஒரு பெட்டிக்கடை அளவுக்குத் தொடங்கினேன். அது வளர்ந்தது. யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எந்த மாதம் விலை ஏறும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக எடுத்து வைப்பேன். சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் இருந்தேன். என்னை அவிசுவாசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் ஜெபித்ததெல்லாம் திட்டம் போட்டு முடித்த பிறகுதான். அந்தக் காலத்தில் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லாச் சான்றிதழையும் நகல் எடுத்து, வரிசையாக அடுக்கி, அரசு அதிகாரியிடம் அட்டஸ்டேஷன் வாங்கப் போவார்களே, அந்த மாதிரி. அவர் படித்துப் பார்க்க வேண்டியதில்லை, பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் போதும். "ஆண்டவரே, இந்தக் காரியத்தை ஆசீர்வதியும்" என்று நான் முழங்கால் போட்டபோதெல்லாம் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

2018-ல் தூத்துக்குடியில் இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து இரண்டாவது கடை போட்டேன். அவசரப்பட்டுப் போட்டதில்லை. அவருடைய ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்தேன், குடோனுக்குப் போய் நின்று பார்த்தேன், அவரிடம் சரக்கு வாங்குகிற நாலு பேரிடம் விசாரித்தேன். கிளம்புகிற அன்று என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் பார்த்தாச்சுன்னு சொல்றீங்க. கேட்டாச்சா?" யாரிடம் என்று நான் கேட்கவில்லை. புரிந்தது. புரியாத மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கடையை மூடினோம். போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அதன் விவரம் இங்கே வேண்டாம்.

வேதாகமத்தில் யோசுவா 9-ம் அதிகாரத்தில் கிபியோனியர் கதை வரும். பக்கத்து ஊர்க்காரர்கள்தான், ஆனால் தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் போல வேஷம் போட்டு இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை செய்ய வருவார்கள். பழைய கோணிப்பை, கிழிந்து கட்டிய திராட்சரசத் துருத்தி, தேய்ந்த செருப்பு, பூசணம் பூத்த அப்பம் எல்லாம் கையோடு கொண்டு வருவார்கள். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது இஸ்ரவேலர் ஏமாளிகள் என்று நினைத்தேன். தூத்துக்குடிக் கடையை மூடிய பிறகு அதே அதிகாரத்தைப் படித்தபோதுதான் கவனித்தேன், அவர்கள் சும்மா நம்பிவிடவில்லை. சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டார்கள். அப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒரு நல்ல வியாபாரி செய்கிற சோதனையைத்தான் செய்தார்கள். 14-ம் வசனம் அவர்களிடம் காண்கிற குறை ஒன்றே ஒன்று: கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் வாங்கிக்கொண்டார்கள். பார்த்தார்கள், கேட்கவில்லை. அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

தேதி போட்டதோடு சரி. அதன் பிறகும் நான் மாறிவிடவில்லை.

வெள்ளத்துக்கு வருகிறேன். அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்று பின்னால் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். அன்று இரவு எனக்குத் தெரிந்தது ஷட்டர் அதிர்கிற சத்தம் மட்டும்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதும் பெயிண்ட் டின்களை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். எதிரே ஜவுளிக்கடை மாடியிலிருந்து டார்ச் அடித்து ஒரு குரல்: "அண்ணாச்சி, சரக்க விட்டுட்டு மேல ஏறி வாரும்!" இடுப்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்தேன். ஒரு வாளியும் ஒரு செருப்பும் என்னை இடித்துக்கொண்டு மிதந்து போனது நினைவிருக்கிறது. அந்த அண்ணாச்சி ஒரு சேலையை முறுக்கிக் கீழே விட்டு என்னை இழுத்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் ஒன்பது பேர் இரண்டு இரவுகள் இருந்தோம். தகரக் கொட்டகை இருந்ததால் தலைக்கு மறைவு கிடைத்தது. சாப்பிட ஒரு பேக்கரிக்காரர் கொண்டு வந்த ரஸ்க், குடிக்க மழைத் தண்ணீர். போனில் சார்ஜ் போய்விட்டது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி என் வீட்டில் அம்மாவும் மனைவியும் மகளும் இருந்தார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, என்னைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது.

அங்கே ஜெபிக்க உட்கார்ந்தபோது வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் பட்டியல் உண்டு. இன்னாரிடமிருந்து பணம் வர வேண்டும், இந்த லோடு வந்து சேர வேண்டும், மகளுக்கு இந்தக் கல்லூரியில் இடம் வேண்டும். அன்று ஒரு பட்டியலும் இல்லை. எதைச் செய்தால் என்ன நடக்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. "கர்த்தாவே" என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல்கூட வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பயம் இருந்தது. ஆனால் முதல் தடவையாகக் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அவர் முன்னால் நின்றேன். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் ஆசியாவில் தனக்கு நேர்ந்த உபத்திரவத்தைப் பற்றி எழுதும்போது, "நாங்கள் எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கத்தக்கதாக" என்று சொல்லுவார். பவுலுக்கே அது ஒரு நெருக்கடியில்தான் பிடிபட்டிருக்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து, சேற்றில் நடந்து வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தார்கள். அன்று நான் அழுத மாதிரி என் மகள் என்னைப் பார்த்ததில்லை.

கடையைத் திறந்தது அதற்கு மறுநாள். ஷட்டர் பாதிக்குமேல் ஏறவில்லை. உள்ளே சேறும் டர்பன்டைனும் கலந்த நாற்றம். தண்ணீர் ஏழடி ஏறியிருந்த கோடு சுவரில் தெளிவாகத் தெரிந்தது. என் இரண்டரை அடிப் பலகை சாய்ந்து, சிமெண்ட் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு மூட்டையைக் கிழித்துப் பார்த்தேன். சாக்கின் தையல், மடிப்பு, நாங்கள் தூக்கும்போது விரல் பதிந்த பள்ளம்கூட அப்படியே இருக்க, தலையணை மாதிரிக் கல்லாகியிருந்தது. மேஜை டிராயரில் கடன் நோட்டு. நீலமும் சிவப்புமாக மை கரைந்து, எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருந்தது. ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய்ப் பாக்கி அதில் இருந்தது.

இன்சூரன்ஸ் இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. முன்பு இருந்தது. தூத்துக்குடி நஷ்டத்துக்குப் பிறகு செலவைக் குறைக்கிறேன் என்று புதுப்பிக்காமல் விட்டேன். மனைவி கேட்டபோது "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னேன். இந்த ஒன்றை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எனக்குள் இருந்தது 'ஆறு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது' என்ற என் கணிப்பு. அந்தக் கணிப்புக்குக் கர்த்தருடைய பெயரை மாட்டினேன். சுயபுத்தியின்மேல் சாய்கிறவன் எப்போதும் "என்னால் முடியும்" என்று மார்தட்டிக்கொண்டு வர மாட்டான். சில சமயம் வேதவசனம் பேசிக்கொண்டும் வருவான். உங்களுக்கும் ஒரு செலவையோ, ஒரு மருத்துவப் பரிசோதனையையோ, ஒரு கஷ்டமான பேச்சையோ தள்ளிப்போடுவதற்கு அந்த வாக்கியம் உதவிக்கு வந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடம் கற்பிக்கத்தான் தேவன் வெள்ளத்தை அனுப்பினார் என்று ஒரு சாட்சிக் கூட்டத்தில் என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொல்ல மறுத்தேன். அந்த வெள்ளத்தில் உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆடு மாடு, வீடு, நெல் எல்லாம் போனவர்கள் இருக்கிறார்கள். என் ஒருவனுடைய புத்திக்காக அது வந்தது என்று நினைப்பது இன்னொரு வகைப் பெருமை. வெள்ளத்துக்குள் அவர் என்னை விடவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு வந்த மாதம்தான் எனக்குக் கடினமானது. அரசாங்கம் வெள்ள நிவாரணமாக 6000 ரூபாய் அறிவித்து ரேஷன் கடையில் கொடுத்தது. நான் போக மாட்டேன் என்றேன். கஜா புயல் வந்தபோது எங்கள் சபையிலிருந்து அரிசி மூட்டையும் போர்வையும் சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அம்மா சொன்னார்கள்: "அன்னைக்கு நீ குடுத்ததை அவுக வெக்கப்பட்டு வாங்காம இருந்தா உனக்கு எப்படி இருந்திருக்கும்?" டோக்கனை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் என்னிடம் கடன் வைத்திருந்த கொத்தனார். திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கு நான் 3200 தரணும். நோட்டு போச்சாமே, மறந்துறாதீங்க" என்றார். அப்படியே 21 பேர் அவரவர் பாக்கியை வந்து சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்களும் உண்டு, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. நானே ஞாபகம் வைத்துக் கேட்டு வாங்கினால்தான் வரும் என்று நம்பிய பணம், நான் கேட்க வழியில்லாத நாளில் தானாக வந்தது.

அந்த நாட்களில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துச் சமைத்துப் போட்டார்கள். கர்த்தர் போஷிக்கிறார் என்று நாம் பாடுகிறோம். அவர் போஷிக்கிறது பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவர் கையால்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டு "நான் தேவனை மட்டும் நம்புகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அங்கேயும் என் கௌரவத்தைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கடையை மறுபடி திறக்க உடனே மூன்று வட்டிக்கு எட்டு லட்சம் கடன் வாங்கத் தீர்மானித்தேன். கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறதுக்கு முந்தின நாள் மனைவி அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை வண்டியை எடுக்கவில்லை. உட்கார்ந்தேன்.

கேட்பது என்றால் என்ன என்று பலருக்குக் குழப்பம். எனக்கும் இருந்தது. வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. நாங்கள் செய்தது இதுதான். பத்து நாள் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு இரவும் இரண்டு பேரும் சேர்ந்து, "எங்களுக்குத் தெரியவில்லை, நீர் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறோம்" என்று ஜெபித்தோம். வேண்டாம் என்ற பதிலுக்கும் இடம் வைத்து நான் ஜெபித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த வாக்கியம் வாயிலிருந்து வர மூன்று நாள் ஆனது. அப்புறம் சபையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் என் கணக்கை முழுதும் காட்டினேன். தூத்துக்குடிக் கடன் மீதியையும் மறைக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடை திறக்கிற கணக்கு இல்ல. நீங்க பழைய அண்ணாச்சியாத் தெரியணும்னு போட்ட கணக்கு" என்றார். நெஞ்சில் குத்தியது. அது எனக்கான வார்த்தை என்று தெரிந்தது.

கடன் வாங்கவில்லை. மகளின் பெயரில் இருந்த சேமிப்பிலிருந்து 40,000 எடுத்து, ஊருக்கு அப்போது எது வேண்டுமோ அதை மட்டும் வாங்கிப் போட்டோம். மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, சுவிட்ச், வயர், மோட்டார் பழுது பார்க்கிற சாமான்கள். கடையின் கால்வாசி இடம்தான் நிறைந்தது. திருநெல்வேலியில் நான் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற மொத்த வியாபாரி ஒரு மாதத் தவணைக்குச் சிமெண்ட் அனுப்பினார். விசுவாசித்தால் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் கடை பழைய அளவில் பாதிதான். கடன் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊழியத்திலும் இதே வியாதி எனக்கு இருந்தது. எங்கள் சபைப் பண்டிகை அசனத்தை, அதாவது எல்லோருக்கும் போடுகிற பொது விருந்தை, ஒன்பது வருஷம் நான்தான் முன்னின்று நடத்தினேன். அரிசி வாங்குவதிலிருந்து அண்டா கழுவுவது வரை நான் இல்லாமல் நடக்காது என்று நினைத்தேன். 2024-ல் என்னால் முடியவில்லை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் எடுத்துச் செய்தார்கள். சோறு கொஞ்சம் குழைந்தது. மற்றபடி எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், அந்தப் பையன்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர்களுக்குச் சேர வேண்டிய சந்தோஷத்தை ஒன்பது வருஷம் நான் பிடித்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் குடும்பமாக டோனாவூர் போயிருந்தோம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-லிருந்து அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை, தேவனிடத்தில் மட்டும் கேட்பது என்று வைத்திருந்தவர். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் தன் அறையிலேயே இருந்தார். ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷி படுக்கையில் இருக்க, வேலை நிற்காமல் நடந்தது. அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் 'அம்மா' என்ற ஒரு சொல். என் மகள் அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். நானும்.

இப்போது இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிட்டேன். அலமாரிகளை ஏழரை அடிக்கு உயர்த்திவிட்டேன். தேவனை நம்புகிறவனுக்கு இது எதற்கு என்று ஒரு சகோதரர் கேட்டார். அவருக்கு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா விடிகிறதுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போனதும் பனையேறக் காலில் மாட்டுகிற தளைநாரைக் கையில் எடுத்து, முடிச்சு முடிச்சாக விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு நார் பிய்ந்திருந்தால்கூட மாற்றுவார். பிறகு பனையின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "இயேசப்பா" என்பார். அவ்வளவுதான், ஏறிவிடுவார். தளைநாரைப் பார்க்காமல் ஒரு நாளும் ஏறினதில்லை. பனையில் கை வைக்காமலும் ஒரு நாளும் ஏறினதில்லை. கீழே கலயத்தோடு நின்ற நான் தளைநார் பார்ப்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

முன்பெல்லாம் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். 127-ம் சங்கீதத்தின் முதல் வசனம் எங்கள் ஊரில் பாதி வீட்டு வாசலில் எழுதியிருக்கும், "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்று. இரண்டாம் வசனத்தை யாரும் எழுதி வைப்பதில்லை: "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." தூக்கமும் அவர் கொடுக்கிற ஈவு என்று அது சொல்கிறது. குடும்ப ஜெபம் முடிந்ததும் கடைச் சாவியையும் புதுக் கடன் நோட்டையும் மேஜையில் வேதாகமத்தின் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். காலை வரை தொடுவதில்லை. சின்னப் பழக்கம்தான், ஆனால் முதல் ஒரு மாதம் கை பரபரத்தது. நடுராத்திரி எழுந்து போய் நோட்டை எடுத்த நாட்களும் உண்டு. மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், விளக்கை மட்டும் போடுவாள்.

கல்லான அந்தச் சிமெண்ட் மூட்டைகளில் பன்னிரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் துணி துவைக்கிற இடத்துக்குப் படியாகப் போட்டிருக்கிறோம். சாக்கு உரிந்து போனாலும் தையல் அச்சு இன்னும் தெரிகிறது. சாயங்காலம் அதில்தான் உட்காருவோம்.

இப்போது குரும்பூரில் ஒரு இடம் வாடகைக்கு வந்திருக்கிறது. நல்ல இடம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே. முன்பணம் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இடத்தைப் போய்ப் பார்த்தேன், பத்திரத்தைப் பார்த்தேன், வெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். போகச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை. நேற்று ராத்திரியும் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஐந்தரைக்கு அவள் எழுப்பித்தான் எழுந்தேன்.